நூறு ரூபாய் பாக்கி

முதல் நாள் ஏணி கேட்டேன்.
இர்ஃபானா சிரிக்கவில்லை.
கொட்டகைக்குள் போய் ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்து
குதிரைக்கு இடப்பக்கம் போட்டாள்.
"நாற்பத்துமூணு வயசு முழங்காலுக்கு இதுதான் மரியாதை மேடம்."
அவளுக்கு இருபத்தாறு. பண்டாரவாடைக்காரி.
கொள்ளிடக் கரைக்குக் கீழே
தென்னையை வெட்டி எடுத்த இரண்டு மா இடம்,
நான்கு குதிரைகள், சுற்றிலும் சவுக்குக் கழி.

என் குதிரைக்குக் கலெக்டர் என்று பெயர்.
பாதி ஆயுள் மாப்பிள்ளைகளைச் சுமந்தது.
பேண்டு வாத்தியம், சரவெடி, பக்கத்தில் நகரும் ட்யூப்லைட்,
எதற்கும் காதைத் திருப்பாது.
பிளாஸ்டிக் பை ஒன்று பறந்தால் போதும்,
நாலு காலும் நாலு ஊருக்குப் போகும்.

எனக்கும் அப்படித்தான்.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
உரைகல்லில் ஒரே இழுப்பு, இருபத்திரண்டா பதினெட்டா
சொல்லிவிடுவேன்.
யார் வந்து மேசையைத் தட்டினாலும்
பித்தளையைத் தங்கமென்று எழுதமாட்டேன்.
ஆனால் மணல் லாரி பின்னால் வந்தால்
ஸ்கூட்டியை ஓரங்கட்டி இறங்கிக்கொள்வேன்.
அய்யம்பேட்டைக் கிளைக்கு மேலாளராகப் போகச் சொன்னபோது
மாமியாருக்குச் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்தேன்.
மாமியார் அந்த வாரம்தான்
தனியாக வேளாங்கண்ணி போய்வந்தார்.

பத்தொன்பது வயதில், வேப்பேரியில்,
என்.சி.சி. குதிரைப் பிரிவில்
கடைசித் தடுப்பில் காறையெலும்பு முறிந்தது.
குதிரை தாண்டிவிட்டது.
நான் இந்தப் பக்கமே தங்கிவிட்டேன்.
குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்
என்பார்கள்.
பொய்.
அது தள்ளியதோடு சரி, போய்ப் புல் தின்றது.
குழி நான் பறித்தது.
இருபத்துநாலு வருஷமாக,
வரப்பு கட்டி, தண்ணீர் விட்டு, பத்திரமாக.

ஐந்து ஞாயிறு நடை மட்டும்.
"குதிகாலை இறக்குங்க.
மூச்சு விடுங்க மேடம், மூச்சு விட மறந்துடுறீங்க."
மறக்கவில்லை, சேமித்துக்கொண்டிருந்தேன்.
"கடிவாளம் அடகு வெச்ச பொருள் இல்ல,
கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

ஆறாவது ஞாயிறு துள்ளோட்டம்.
அது எழும்பும்போது எழும்ப வேண்டும்,
இறங்கும்போது இறங்க வேண்டும்.
எல்லாவற்றுக்கும் நான் அரைநொடி தாமதம்.
பல்லோடு பல் மோதியது.
அந்தப் பக்கம் குறுவை அறுக்கிற எந்திரம்,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கொக்குகள்.
மூன்றாவது சுற்றில் ஏதோ பொருந்தியது.
இரண்டு எட்டு, ஒருவேளை மூன்று,
எனக்கு எடையே இல்லை.

அப்போது பார்த்து
வேலியில் சிக்கியிருந்த யூரியா சாக்கு
படபடவென்று எழுந்தது.

கலெக்டர் பக்கவாட்டில் பாய்ந்தது.
வலது அங்கவடி நழுவியது.
வானம், தகரம், மண், இர்ஃபானாவின் மஞ்சள் தொப்பி,
கையில் ஒரு கொத்துப் பிடரிமயிர்.
விழவில்லை.
ஏன் விழவில்லை என்று இன்னும் தெரியாது,
திறமை என்று சொல்ல வாய் வரவில்லை.

நின்றுவிட்டோம்.
அதன் நடுக்கம் என் கெண்டைக்காலுக்குள் வந்துகொண்டிருந்தது.
"ஒண்ணுமில்லடா. சாக்கு.
வெறும் சாக்குடா, பாரு."
யாரோ சொன்னார்கள்,
தணிந்த குரலில், அவசரமே இல்லாமல்.
இர்ஃபானா இருபதடி தள்ளி நின்றாள், வாயைத் திறக்கவில்லை.
அந்த இடத்தில் வேறு ஆள் இல்லை.

இறங்கட்டுமா என்று கேட்கத்தான் நினைத்தேன்.
அதற்குள் என் கை
அதன் முகத்தைச் சாக்கின் பக்கம் திருப்பியிருந்தது.
மோந்து பார்த்தது.
தும்மியது.

பெட்டியில் கால் வைத்து இறங்கியபோது
தொடை இரண்டும் என்னுடையவை அல்ல.
கட்டணம் நானூறு. ஐந்நூறு நீட்டினேன்.
சட்டைப்பை, பிஸ்கட் டப்பா, ஆணியில் தொங்கிய பை
எல்லாம் துழாவிவிட்டு
"சில்லறை இல்ல மேடம், அடுத்த வாரம் கழிச்சுக்கலாமா?"

கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் என் தொழில்.
ஒரு ரூபாய் பாக்கி நின்றால்கூட
எனக்குத் தூக்கம் வராது.

கழித்துக்கொள்ளலாம் என்றேன்.